நூலுக்குக் கீழே ஒரு வேர்

கஹவத்தைக்கு மேலே ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த மேட்டில் காலை வெயில் விழுகிறது. கொழும்பிலிருந்து துண்டு துண்டாக வந்து இறங்கி இங்கே பூட்டப்படப்போகும் கார்மெண்ட் பேக்டரிக்காக நிலத்தை மட்டம் தட்டுகிறார்கள். மட்டம் பார்க்க இழுத்துக் கட்டிய மஞ்சள் நூலுக்குக் கீழே தனபாக்கியத்தின் மண்வெட்டி ‘தொக்’கென்று எதிலோ மோதுகிறது. குனிந்து கையால் மண்ணை விலக்குகிறாள். தொடை பருமனில் ரப்பர் வேர். வெட்டுப்பட்ட இடத்தில் பால் கசிகிறது. இருபது வருஷம் இதே மலையில் பால் வெட்டியவள் அவள். “விடுங்கக்கா, மேல கிரவல் மண்ணைப் போட்டு மூடிறலாம். பகலைக்குக் கொங்கிரீட் வந்துரும்,” என்கிறான் சுப்பவைசர் யோகராஜ். “வேர் உக்கிப்போனா தரை உள்வாங்கிரும் தம்பி. நம்ம புள்ளைங்கதான் இதுமேல மிஷினோட உக்காரப்போகுதுங்க. எடுக்காம நான் நகரமாட்டேன்.” சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அலவாங்கின் இரும்பு முனையை வேருக்கடியில் குத்துகிறாள். மறுபடியும் குத்துகிறாள். வேர் அசையவில்லை. உள்ளங்கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டு இன்னும் ஆழமாக இறக்குகிறாள். யோகராஜ் கடிகாரத்தைப் பார்க்கிறான், மலைக்குப் பின்னால் மழைக்குக் கறுத்துவரும் வானத்தைப் பார்க்கிறான். பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கி, அவள் கைக்குப் பக்கத்தில் அலவாங்கைப் பிடிக்கிறான். “இப்ப அமுக்குங்க தம்பி!” மண்ணுக்குள்ளே நார் நாராக அறுபடும் சத்தம் கேட்கிறது.