தண்டவாளம் போகும் வழி

"வளைவுக்கு இடம் காணாது. தண்டவாளம் பொன்னையா அண்ணை வீட்டாலதான் போகும். அந்த வீட்டைத் தூக்கத்தான் வேணும்."

பக்கத்து வீட்டு நிஷாந்தன் காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது தொலைபேசியில் யாருக்கோ சொன்னது வேலிக்கு இங்காலே தெளிவாகக் கேட்டது. அவனுக்குப் புகையிரதப் பகுதியில்தான் வேலை. பொன்னையா வேலியடியிலிருந்து உள்ளே ஓடிப்போய் மனைவியிடம் சொன்னார்.

"பின்னேரம் அவன் வந்தாப் பிறகு கேப்பம்," என்றாள் ஞானேஸ்வரி.

"கேட்டா விட்டுடுவாங்களோ? போனமுறை சண்டைக்குள்ளயும் கேப்பம் கேப்பம் எண்டு நிண்டுதான் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடினனாங்கள்."

பின்னேரம் நிஷாந்தன் பின்தெருவால் வீடு வந்ததும் அவள் தனியாகத்தான் போனாள்.

"தம்பி, தண்டவாளத்துக்கெண்டு இன்னொருக்கா எழும்பிப் போக எங்களால ஏலாது."

நிஷாந்தன் திகைத்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தபடி அவளைச் சின்ன அறைக்குள் கூட்டிப்போனான். அறையை அடைத்தபடி ஒரு மேசை. மேசைமேல் காட்போட் அட்டையில் செய்த அவர்களுடைய ஊர். ஊரைச் சுற்றி விளையாட்டு றெயிலுக்குத் தண்டவாளம்.

"முதல் முதலாச் செய்யிறன், அக்கா. இடம் காணேல்ல. ஆனா உங்கட வீட்டைத் தூக்க மனம் வரேல்ல. குளத்தைத் தூக்கிட்டன்."

தீப்பெட்டி அளவில் அவள் வீடு. சிவப்பு ஓடுகூடப் போட்டிருந்தான்.

ஞானேஸ்வரி ஓவென்று அழுதாள்.

"இனி என்னத்துக்கு அக்கா அழுறியள்?"

அவள் யன்னலைக் காட்டினாள். வெளியே உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் கதவுகளும் யன்னல்களும் ஏறியிருந்தன. மொட்டைச் சுவரில் நின்று பொன்னையா கடைசி ஓடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வீட்டுக்கு இப்போது கூரை இருந்தது அந்த மேசையில் மட்டும்தான்.