நாளைக்குத் தாறன்

ஒரு மனிதனுடைய தலைவிதி, மின்னஞ்சல் முகவரியில் அட் குறிக்கு இடப்பக்கம்தான் எழுதப்படுகிறது என்று ஹாதிக் அறிவித்தான்.

கல்முனை பஸ் டிப்போவுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில், வடைத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, பத்வா கொடுக்கும் மௌலவியின் முகத்தோடு அறிவித்தான். றிஸ்க்கை, மனிதனுக்கு விதித்த உணவை, அளப்பவன் அல்லாஹ். ஆனால் அது வந்துசேர ஒழுங்கான முகவரி வேண்டும், இல்லாவிட்டால் வழிதவறி அக்கரைப்பற்றில் எவனுக்காவது போய்விடும்.

எதிரே இருந்த பஹ்மி பயந்துபோய்த் தலையாட்டினான்.

கொழும்புக் கம்பனி ஒன்றில் கணக்கு உதவியாளர் வேலை, இரண்டு இடம். விண்ணப்பம் அன்று பின்னேரத்தோடு முடிகிறது. இருவரும் ஒலுவில் கம்பஸில் ஒரே வகுப்பு, பட்டம் வாங்கிய நாளிலிருந்து ஒரே மேசை.

பஹ்மியின் முகவரியில் அவன் பெயருக்கும் அப்ராவின் பெயருக்கும் நடுவில் 'லவ்' இருந்தது. அப்ரா அவனுக்குப் பேசிவைத்த மருதமுனைப் பிள்ளை. அவளுடைய வாப்பா மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். கூரை ஏறுவதற்குள் மாப்பிள்ளைக்கு உத்தியோகம் வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. சுவரோ வேகமாக எழுந்துகொண்டிருந்தது.

இந்த முகவரியைப் பார்க்கிற மனேஜர் நேர்முகத்துக்குக் கூப்பிட மாட்டார், நேரே கல்யாண வலீமாச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்றான் ஹாதிக்.

ஆகவே புதியது ஒன்று திறந்தார்கள். ஏ.எல்.எம். பஹ்மி என்று அடித்தார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஆச்சரியமில்லை, இந்தக் கரையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது ஒரு ஏ.எல்.எம்.மின் தலையில்தான் விழும். பிறந்த வருடத்தைச் சேர்த்தார்கள். அந்த வருடத்தில் பிறந்தவரும் இருந்தார். கடைசியில் ஊர்ப்பெயரையும் சேர்த்தபோதுதான் இடம் கிடைத்தது.

ஹாதிக்கிடம் இப்படியொன்று போன வருடத்திலிருந்தே இருக்கிறது. கல்வெட்டு மாதிரி முகவரி. அதற்கு இதுவரை ஒரு நேர்முக அழைப்பும் வரவில்லை என்பதை அந்த மேசையில் யாரும் பேசுவதில்லை. பேச்சுக்கு நடுவே அவன் அடிக்கடி போனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அது ஒரு பழக்கம்.

பஹ்மிக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய முகவரியிலிருந்து புதியதற்கு ஒரு சலாம் எழுதி அனுப்பினான். போன் சிணுங்கியது.

"மச்சான், வந்திரிக்கிடா." முகமெல்லாம் பல்.

ஹாதிக் சிரிக்கவில்லை. அவன் கேலி செய்யும்போது சிரிப்பதில்லை.

"தன்ட வீட்டுக் கதவ வெளிய நிண்டு தட்டிப்போட்டு, உள்ளுக்கு ஓடிப்போய் 'ஆரு?' எண்டு கேக்கிற ஒரே மனிசன் நீதான்டா."

கல்லாவில் இருந்த நளீம் காக்காவுக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

பிறகு இரண்டாவது சட்டம் வந்தது. பழைய முகவரியை வைத்திருக்கிறவன் முன்னேற மாட்டான், அழித்துவிட வேண்டும். அப்ராவிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டு பஹ்மி அழித்தான். விண்ணப்பத்தையும் அனுப்பினான். எழும்பும்போது, நீ உன்னுடைய பழையதை அழித்துவிட்டாயா என்று கேட்டான்.

எப்போதோ, என்றான் ஹாதிக்.

பஹ்மி கூரை எவ்வளவு தூரம் வந்திருக்கிறதென்று பார்க்க மருதமுனை பஸ்ஸில் ஏறினான்.

ஹாதிக் தன் விண்ணப்பத்தையும் அனுப்பி முடித்தான். பிறகு, அழிக்காமல் வைத்திருந்த தன் பழைய முகவரியின் பெட்டியைத் திறந்தான்.

அந்த முகவரி அவன் வைத்ததல்ல. கம்பஸில் குழு ஒப்படைகளை எல்லாரிடமும் எழுதி வாங்கிச் சேர்க்கும் பொறுப்பு, கூடப் படித்த ஸப்னாவுடையது. அவள் கேட்கும்போதெல்லாம் அவன் ஒரே பதிலைச் சொன்னான். ஒரு நாள் அவளே அவனுக்கு ஒரு முகவரி திறந்து, அந்தப் பதிலையே அதற்குப் பெயராக வைத்துக் கொடுத்தாள். நாளைக்குத் தாறன். அதைப் போட்டு வேலை கேட்டால் எவனும் தரமாட்டான்.

குடும்பத்தோடு கட்டாருக்குப் போக அவள் கொழும்பு பஸ் ஏறியது இந்த டிப்போவில்தான். அவன் இதே கடை வாசலில், யாருக்கோ காத்திருப்பவன் போல நின்றான். பஸ் கிளம்பியபின் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "நம்பர் எல்லாம் மாறும். இந்த முகவரி மட்டும் எனக்கு மறக்காது. போய்ச் சேந்து எழுதுறன்."

அதன்பின் இரண்டு நோன்புப் பெருநாள் வந்து போய்விட்டது.

பெட்டி பழுதாகியிருக்கும் என்றுதான் அவன் இருந்தான். நிரம்பியிருக்கும், அடைத்துக்கொண்டிருக்கும். அவள் எழுதி எழுதித் திரும்பிப் போயிருக்கும்.

நளீம் காக்கா வாசலில் நின்று யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார்.

ஹாதிக் கல்வெட்டு முகவரியிலிருந்து பழையதற்கு ஒரு சலாம் எழுதி அனுப்பினான்.

போனை மேசையில் கவிழ்த்துவைத்தான். சத்தம் வரக் கூடாது என்று காத்திருந்தான்.

சிணுங்கியது.