முதல் எச்சரிக்கை

"மேடம், ஓடி வாங்க! சிவப்பு விழுந்துடுச்சு!"

கல்லூரியின் மாணவர் நல ஆலோசகர் குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கத்தியது அடுத்த மேசை மென்பொருள்காரர். மூன்று மாதமாக அவர் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த செயற்கை நுண்ணறிவு இன்றுதான் முதல்முறையாக வாயைத் திறந்திருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் வாராவாரம் கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தூக்கம், சாப்பாடு, பேச்சுத்துணை, மனநிலை என்று நாலே கேள்விகள். தாய்மொழியிலேயே பதில் எழுதலாம். அதையெல்லாம் படித்துவிட்டு, யாராவது மனம் ஒடிந்திருப்பதாகத் தெரிந்தால் சிவப்புக் குறி போடுவதுதான் அந்த இயந்திரத்தின் வேலை.

"முதல் வருஷப் பையன், அறை எண் நாற்பத்தொண்ணு. தமிழ்ல எழுதியிருக்கு, நீங்களே படிங்க."

ஆலோசகர் படித்தார்.

'ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். ஒரு ஆளுக்காக அடுப்பு பற்ற வைக்கவே மனசு வரவில்லை. பேச யாரும் இல்லை. போன் அடிக்குமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்றுகூட இந்த வாரம் தோன்றியது.'



"போன வாரம்கூட என்னைப் பாத்து அக்கா அக்கான்னு சிரிச்சுப் பேசினானே!"

"சிரிக்கிறவங்களைத்தான் மேடம் நம்பக் கூடாது. உள்ளே இருக்கறதை நம்ம மிஷின் எப்படிப் புட்டுப்புட்டு வெச்சுது பாத்தீங்களா!"

"ஒரு பையன் சோறு தண்ணி இல்லாம கிடக்கான், நீங்க பரிசு விழுந்த மாதிரி குதிக்கிறீங்களே. வாங்க சீக்கிரம்!"

இருவரும் விடுதிக்கு ஓடினார்கள். லிஃப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லை. நாலு மாடியும் படியேறினார்கள். நாற்காலியை விட்டு நகராத மென்பொருள்காரருக்கு மூச்சு வாங்கியது.

நாற்பத்தொண்ணாம் அறைக் கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. மறுபடி தட்டினார்கள்.

"தம்பி! உள்ளே இருக்கியா? அக்கா வந்திருக்கேன்பா!" ஆலோசகர் கதவில் வாயை வைத்துக் கத்தினார்.

"உடைச்சிடலாமா மேடம்?"

அப்போது தாழ்வாரத்தின் கோடியிலிருந்து கூரையே பிய்த்துக்கொண்டு போகும்படி ஒரு கூச்சல். இருவரும் அங்கே ஓடினார்கள்.

பொது அறையில் மேசைப்பந்து இறுதி ஆட்டம் முடிந்திருந்தது. ஜெயித்தவனை நாலு பேர் தோளில் தூக்கி வைத்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் கோப்பை, இன்னொரு கையில் பாதி கடித்த ரொட்டி. வாயெல்லாம் பல்லாக இருந்தவன் சாட்சாத் அந்த நாற்பத்தொண்ணாம் அறைப் பையன்தான்.

"அக்கா, நான்தான் சாம்பியன்!"

ஆலோசகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அவன் முதுகில் பலமாக ஒன்று வைத்தார். மென்பொருள்காரர் முகம் மட்டும் தொங்கிப்போனது.

"மூணு மாச உழைப்பு. முதல் எச்சரிக்கையே பொய்யா?"

"ஏன்டா, நல்லா சாப்பிடறியா? தூங்கறியா?"

"படுத்தா இடி விழுந்தாலும் தெரியாதுக்கா. சாப்பாடு ரெண்டு தட்டு."

"அப்புறம் எதுக்குடா படிவத்துல இப்படி எழுதி வெச்சே?"

"எந்தப் படிவம்?" விழித்தவன், திடீரென்று சிரித்தான். "ஓ, அந்த வாராவாரம் வர்றதா? நான் அதைத் திறந்துகூடப் பாத்ததில்லையே. ஸ்கூல்ல சேர்ந்த நாள்லேர்ந்து என் ஃபாரம் எல்லாத்தையும் அம்மாதான் நிரப்புவாங்க. பாஸ்வேர்டு அவங்ககிட்ட இருக்கு. அங்கேர்ந்தே எழுதி அனுப்பிடுவாங்க."

ஆலோசகர் படிவத்தில் இருந்த வரிகளை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"வீட்ல அம்மாகூட யாருப்பா இருக்கா?"

"யாருமில்லக்கா. நான் கிளம்பினதிலேர்ந்து அவங்க மட்டும்தான். ப்ராக்டிஸ்ல இந்த மாசம் சரியா பேசவே முடியல."

ஆலோசகர் மேசைமேல் கிடந்த அவனுடைய போனை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"மிஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு சார்," என்றார் மென்பொருள்காரரிடம். "நாமதான் தப்பான ஊர்ல கதவைத் தட்டிட்டோம்."