அக்கா தங்கச்சி

“அந்த வேணி உங்கள நல்லா ஏமாத்திக்கினு இருக்கா டீச்சர்!”

சவுரியம்மாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். இடுப்பில் அவள் மகன்.

குசுமா அவசரமாக வாசலுக்கு வந்தாள். உள்ளே உதவியாளர் ஒருத்தி யானைக் கதை வாசிக்க, பிள்ளைகள் ஆளாளுக்குப் பிளிறிக்கொண்டிருந்தார்கள்.

“மெதுவா பேசுங்க. என்ன ஆச்சு?”

“பூவிழி அவ பொண்ணே இல்ல. நேத்து பஸ் ஸ்டாண்டுல என் கண்ணால பாத்தேன். பாண்டிச்சேரி பஸ்ஸுல வந்து எறங்குன ஒருத்தியப் பாத்து ‘அம்மா’ன்னு கத்திக்கினு ஓடுது. இவ பக்கத்துலயே நின்னு பாத்துக்கினு இருக்கா. எம்பையன் எவ்ளோ நாளா காத்துக்கினு கெடக்கிறான்? அவளுக்கு மட்டும் ரெண்டு எடமா?”

குசுமாவுக்குச் சுருக்கென்றது.

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டிய மாடி அறை அது. ஓர் அறக்கட்டளை, சின்னப் பிள்ளைகளுக்காகச் சாயங்காலத்தில் நடத்தும் வாசிப்பு மையம். கதை, பாட்டு, படம் வரைவது, பிறகு மெல்ல எழுத்துக் கூட்டிப் படிப்பது. காசு வாங்குவதில்லை. ஆனால் இடம் கொஞ்சம்தான். காத்திருக்கும் பிள்ளைகளோ ஏராளம். ஏற்கெனவே வருகிற பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர்கள் இருந்தால் மட்டும் உடனே சேர்த்துக்கொள்வார்கள்.

வேணி மகள் வெண்ணிலா முதலில் வந்தாள். பிறகு ஒருநாள் வேணி பூவிழியையும் கைப்பிடித்து அழைத்துவந்தாள். ‘அக்கா தங்கச்சி’ என்றாள். பொறுப்பாளரான குசுமா மறுபேச்சுப் பேசாமல் சேர்த்துக்கொண்டாள்.

இப்போது பூவிழியை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“உங்கம்மா பேரு என்ன, கண்ணு?”

“அருணா.”

“அப்ப வேணி யாரு?”

“பெரியம்மா.”

யானையை விட்டுவிட்டு வந்த அவசரத்தில் குழந்தை உள்ளே ஓடிவிட்டது.

“பாத்தீங்களா டீச்சர்? நான் சொன்னா நம்பல!”

குசுமாவுக்கு முகம் சூடானது. போனை எடுத்து வேணியை உடனே வரச் சொன்னாள். அவள் வரும்வரை உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தன் நம்பிக்கையைக் கேலி செய்துவிட்டாள் என்ற கோபம் ஒருபக்கம். ஒரு பிள்ளையை எப்படி எழுப்பி அனுப்புவது என்ற தவிப்பு ஒருபக்கம்.

வேணி ஓட்டமும் நடையுமாக வந்தாள். மல்லாட்டை மில்லில் வேலை. தலையெல்லாம் வேர்க்கடலைத் தோல் தூசி.

“என்னா டீச்சர்? புள்ளைங்களுக்கு ஏதாச்சும்...”

“புள்ளைங்க நல்லாத்தான் இருக்காங்க. நீங்கதான் பொய் சொல்லியிருக்கீங்க. பூவிழி உங்க பொண்ணா?”

வேணி சவுரியம்மாளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். மில்லிலிருந்து போன் அடித்தது. துண்டித்தாள். மறுபடி அடித்தது.

“நான் பெக்கல டீச்சர்.”

“அக்கா தங்கச்சின்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னீங்களே?”

வேணி போனை அணைத்து இடுப்பில் செருகினாள்.

“இவங்க பையனோட இடத்தை நீங்க எடுத்துக்கிட்டீங்க. அதை நான் இப்பவே திருப்பிக் குடுத்தாகணும்.”

“குடுத்துடுங்க டீச்சர். நான் வெண்ணிலாவ இட்டுக்கினு போறேன்.”

காதில் தப்பாக விழுந்ததோ என்று நினைத்தாள் குசுமா.

“வெண்ணிலாவையா? அது உங்க பொண்ணு. நான் சொல்றது பூவிழியை.”

“வெண்ணிலா எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சிடுச்சு. மீதிய வூட்ல நானே எப்படியாச்சும் சொல்லிக் குடுத்துக்குவேன். பூவிழி இப்பத்தான் படத்தப் பாத்துப் பேச வாயத் தொறக்குது. அவங்கம்மா பாண்டிச்சேரில வேலை முடிச்சு வர்றதுக்குள்ள இருட்டிடுது. இங்க வரலன்னா அது பூட்டுன கதவுக்கு முன்னாடிதான் ஒக்காந்துக்கினு இருக்கும். அத எழுப்பிடாதீங்க டீச்சர்.”

சவுரியம்மாள் மகனை இறக்கிவிட்டாள். அவன் உள்ளே ஓடி, பிளிறும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டான்.

வேணி கூப்பிட, வெண்ணிலா பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

“கதை இன்னும் முடியலம்மா.”

“வா, ஜல்தி. மில்லுல தேடுவாங்க.”

இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

குசுமாவால் அறைக்குள் போக முடியவில்லை. சொந்த மகளை எழுப்பிவிட்டு இன்னொருத்தி பிள்ளையை உட்கார வைத்துவிட்டுப் போகிறாளே, யாருக்காக? சவுரியம்மாளை அங்கேயே நிறுத்திவிட்டு விடுவிடுவென்று இறங்கினாள். கீழே, தெருமுனைக்குப் போவதற்குள் வேணியைப் பிடித்துவிட்டாள்.

“வேணி, நில்லுங்க. பெரியம்மான்னு சொல்லுச்சே, அருணா உங்க தங்கச்சியா?”

“எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் கெடையாது டீச்சர்.”

“அப்புறம் யாருங்க அவ உங்களுக்கு?”

வேணி மேலே மாடி வாசலை ஒருமுறை பார்த்தாள். அங்கே யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

“நாலு பேரு முன்னாடி சொன்னா, நாளைக்கு அந்தப் புள்ளையத்தான் ஒரு மாதிரி பேசுவாங்க. அதான் வாயத் தொறக்கல” என்றாள் தணிந்த குரலில். “என் வீட்டுக்காரரு என்னை விட்டுட்டு அருணாகூடத்தான் போனாரு டீச்சர். இப்ப அவளையும் விட்டுட்டுப் போயிட்டாரு.”