பொட்டுக்காரனின் வம்சம்

திரையில் தெரிந்த பழ ஈயின் வம்சம் அழிந்து நான்கு வருடமாகிவிட்டது.

அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அது அவள் வளர்த்த வம்சம்.

ஆனால் மேடையில் மைக்கைப் பிடித்திருந்த அக்கா, "இது போன வாரம் எடுத்த படம்" என்றாள்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூத்தவள். ஒரே டப்பாவில் சாப்பிட்டுப் பழகியதில் அந்த முறை ஒட்டிக்கொண்டது.

அந்த இனத்து ஈக்களின் இறக்கையில் எந்த அடையாளமும் இருக்காது. ஆயிரக்கணக்கில் பார்த்துச் சலித்த ஒரு பிற்பகலில், நுண்ணோக்கிக்குக் கீழே ஒன்று மட்டும் இறக்கை ஓரத்தில் கறுப்புப் பொட்டோடு கிடந்தது. பொட்டுக்காரன் என்று பேர் வைத்தாள். ஜோடி சேர்த்து, பிள்ளை, பேரன் என்று குப்பி குப்பியாகப் பெருக்கினாள்.

நிறம் தரும் மரபணு எல்லா ஈக்களிலும் ஒன்றுதான். அதை உடம்பில் எங்கே முடுக்குவது என்பதை அதன் பக்கத்திலிருக்கும் ஒரு துண்டு தீர்மானிக்கும், விளக்குக்கு சுவிட்ச் மாதிரி. பொட்டுக்காரனுக்குள் எங்கிருந்தோ தாவி வந்த ஒரு துண்டு அங்கே குடியேறிப் புது சுவிட்சாகிவிட்டது என்பது அவள் கணிப்பு. நிரூபிக்கக் கொஞ்சம் வேலைதான் பாக்கி.

அதற்குள் பிரசவம் வந்துவிட்டது. குப்பிகளை அக்காவை நம்பி விட்டுப் போனாள்.

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தீனியில் பூஞ்சை பிடித்து ஒரு குப்பிகூட மிஞ்சவில்லை என்று அக்கா தேம்பினாள்.

"அழாதீங்கக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்று இவள்தான் தேற்றினாள்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர்.

திரையில் படங்கள் மாறின. தாவி வந்த துண்டு. புது சுவிட்ச். அவளுடைய கணிப்பு, ஒரு வரிகூடப் பிசகாமல். பின்வரிசையில் யாரோ "அடேயப்பா" என்றார்கள்.

கேள்வி நேரம் வரட்டும், எழுந்து கேட்டே விடுவது என்று அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கு முன் அக்கா கடைசிப் படத்தைப் போட்டாள். நன்றி சொல்லும் படம்.

"இந்த ஈயை எனக்குக் குடுத்துட்டு, புள்ளதான் முக்கியம்னு ஆராய்ச்சியை விட்டுட்டுப் போன என் தங்கச்சி, இதோ, முன்னாடிதான் உட்கார்ந்திருக்கா." சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

அரங்கமே அவளைப் பார்த்தது. முதலில் கைதட்டியது அக்காதான். பக்கத்திலிருந்தவர் சிரித்தபடி, எழுந்து நில்லுங்கள் என்று சாடை காட்டினார்.

எழுந்தாள். கைகள் தாமாகக் குவிந்தன.

நீ வந்தே ஆகணும் என்று அக்கா விடாமல் போன் போட்டதும், வாசலில் காத்திருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்ததும் எதற்கென்று, கைதட்டல் ஓய்ந்து அவள் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.