பேச்சில்லாத இரண்டாம் பாதி

“படம் எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. கிராபிக்ஸ் பிரமாதம்னு மட்டும் சொல்லிட்டு நழுவுறாங்க” என்றார் இயக்குநர்.

பிரிவியூ தியேட்டரின் வரவேற்பறையில் நின்றிருந்தார்கள். படக்குழுவினரின் குடும்பத்தாருக்காகப் போட்ட காட்சி அப்போதுதான் முடிந்திருந்தது. கையில் காபிக் கோப்பையோடு கும்பல் கும்பலாக நின்றவர்கள், இயக்குநர் பக்கத்தில் போனால் சட்டென்று வேறு பேச்சுக்குத் தாவினார்கள்.

அவர் குறைபட்டுக்கொண்டது ‘கிரகத்திடம்’. கிராபிக்ஸ் பிரிவின் தலைவனுக்குப் படக்குழு வைத்த பெயர் அது. கதையில் வரும் பனிக் கோளை அவனும் அவன் ஆட்களும்தான் கம்ப்யூட்டரில் அங்குலம் அங்குலமாகச் செய்தார்கள். படப்பிடிப்பில் எது கெட்டாலும், “எல்லாம் நம்ம கிரகம்” என்று அவனைக் காட்டிச் சிரிப்பார்கள்.

அவன் இப்போது சிரிக்கிற நிலையில் இல்லை. ஒரு விண்கலம், அதை ஓட்டும் ஒரு பெண், ஆளைக் கொல்லும் ஒரு பனிப்புயல், இவ்வளவுதான் படம். தப்பித்து வீடு திரும்பிக்கொண்டிருக்கும் அந்தப் பெண், கடைசியில் கலத்தைத் திருப்பிப் புயலுக்குள்ளேயே போகிறாள். ஏன் போகிறாள் என்று கதாசிரியர் வசனம் எழுதித்தான் வைத்திருந்தார். காட்சியின் பிரமிப்பே போதும், இரண்டாம் பாதியில் பேச்சே வேண்டாம் என்று இயக்குநர் அத்தனையையும் வெட்டினார். கதாசிரியர் கோபித்துக்கொண்டு போனபோது கிரகமும் இயக்குநர் பக்கம்தான் நின்றான். தன் புயலுக்கு நடுவே யாராவது பேசினால், தூங்குகிற குழந்தை பக்கத்தில் பாத்திரத்தை உருட்டிய மாதிரி இருக்கும் என்றான்.

இன்று அந்தப் புயலின்போது பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்ததை, மேலே ஆபரேட்டர் அறையிலிருந்து அவன் கண்ணால் கண்டான்.

சுவரோரச் சோபாவில் அவன் அப்பாவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். வேலை வேலை என்று ஸ்டூடியோவிலேயே கிடந்ததில் அவன் ஊருக்குப் போயே வெகுகாலம் ஆகியிருந்தது. எல்லாம் போனில்தான். இன்றைக்கும் அவர்கள் வந்து சேர்ந்தபோது அவன் மேலே நிறம் சரிபார்த்துக்கொண்டிருந்தான். இப்போதுதான் இறங்கி வந்தான்.

“வந்துட்டீங்களாப்பா” என்றதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உரக்கப் பேசியே பழக்கம். அவன் கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

அவன் தயங்கித் தயங்கி, புயல் காட்சி எப்படி என்று கேட்டான். நன்றாகத்தான் இருந்தது என்றார் அப்பா, பக்கத்து வீட்டுக்காரர் புதுச் சட்டையைக் காட்டினால் சொல்வதுபோல. அவனுக்குச் சுருக்கென்றது. அதற்காகத்தானே இத்தனை நாள் சோறு தண்ணி மறந்து கிடந்தான்.

“ஆனா கதைடா. அதுதான் என்னை உலுக்கிடுச்சு” என்றார் அப்பா.

இயக்குநர் காபியை அப்படியே வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். “நான்தாங்க இந்தப் படத்தோட டைரக்டர். என்ன கதைங்கய்யா? கொஞ்சம் சொல்லுங்களேன்.”

“என்ன தம்பி, எடுத்தவரு நீங்களே கேக்கறீங்க. அந்தப் பொண்ணோட அண்ணன் அந்தக் கிரகத்துல வேலைக்குப் போனவன். போன எடத்துல அப்படியே கெடக்கறான். வீட்டுல என்ன நடக்குதுன்னு அவனுக்குத் தெரியாது. இவளும் வாயைத் திறந்து சொல்லலை, அவன் மனசு ஒடைஞ்சிடும்னு. தான் மட்டும் தப்பிச்சு வந்துக்கிட்டிருக்கா. பாதி வழியில மனசு கேக்கலை. அவனைக் கையோட கூட்டிட்டு வந்துடணும்னு புயலுக்குள்ள திரும்பிப் போறா. கடைசியில வெளக்கு அணையுது பாருங்க. அவன் இருக்கற எடத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டாள்னுதானே அர்த்தம்?”

இயக்குநர் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான்கு வரி வசனம் சேர்த்தால் போதும், படம் பிழைத்துக்கொள்ளும் என்று முணுமுணுத்தபடி, கதாசிரியருக்குப் போன் போட வெளியே ஓடினார்.

கிரகத்துக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு காட்சியையும் நூறு முறை பார்த்தவன் அவன். படத்தில் அண்ணன் என்று ஒரு ஆளே கிடையாது. கதாசிரியர் எழுதி வெட்டுப்பட்ட வசனத்திலும் கிடையாது.

அப்பாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போன தங்கையின் பின்னாலேயே போய், தணிந்த குரலில் கேட்டான். “அப்பா சொன்ன கதை எங்கேருந்து வந்துச்சு? நான் செஞ்ச படத்துல நான் பார்க்காததை அவரு எப்படிப் பார்த்தாரு?”

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிப்பதுபோல் உதட்டைக் கடித்தாள்.

“உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காருண்ணா. அப்பாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாமப் போயி வருஷமாகுது. படத்துல பேச்சு நின்னதுலேருந்து என்ன நடக்குது, என்ன நடக்குதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, எனக்கும் ஒண்ணும் புரியலை. அதான், நம்ம கதையையே அவர் காதுல சொல்லிட்டேன்.”