துவைக்காத விரிப்பு

"ஊர்த் துணியெல்லாம் பளிச்சுனு தேய்ச்சுக் கொடுக்கறீங்க. உங்க கொடியில தொங்கற இந்தக் கண்றாவி மட்டும் கண்ணுக்குத் தெரியலையாக்கா?"

ஜன்னல் வழியாகக் கேட்டது சிட்டுவின் அம்மா. கேட்டது எதிர்வீட்டு இஸ்திரி அக்காவை. சந்து அவ்வளவு ஒடுக்கம். கையை நீட்டினால் கொடி.

வெள்ளை விரிப்பு அது. பத்து நாளாகத் தொங்கியே கரித்துணி ஆகியிருந்தது.

"அதைத் தொடாதேம்மா. நாளைக்கு ஒருநாள் இருக்கட்டும்."

"எதுக்கு, கண்காட்சிக்கா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

உள்ளே சிட்டு இருமினாள். ஐந்து வயது. மூச்சு விட்டால் விசில் சத்தம். தூசியே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை அக்கா எங்கோ கிளம்பியதுதான் தாமதம், சிட்டுவின் அம்மா விரிப்பை உருவினாள். மூன்று முறை சோப்புப் போட்டு, அடித்துத் துவைத்து, எட்டு மணிக்குப் பழையபடி மாட்டினாள். மனசே வெளுத்த மாதிரி இருந்தது.

பதினொரு மணிக்கு அக்கா திரும்பினாள். கூடவே, கழுத்தில் அட்டை தொங்க ஒரு மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி.

"ஐயையோ! யாரு இதைத் துவைச்சது? டயர் எரிக்கிற ஆலை பத்து நாள்ல என்ன பண்ணுதுன்னு காட்டத்தானே சாரைக் கூட்டிட்டு வந்தேன்!"

சிட்டுவின் அம்மா வெளியே ஓடிவந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?"

"உன் வீட்டுக்காரர் அங்கதானே வேலை பார்க்கறார்? உன்னை எதுக்கு மாட்டிவிடணும்? சிட்டு மூச்சு இழுக்கறது என் வீடு வரைக்கும் கேக்குது. தாங்கலை."

அதிகாரி விரிப்பில் விரலைத் தேய்த்தார். விரல் நுனி கறுத்தது.

"இதை எப்போ துவைச்சாங்க?"

சிட்டுவின் அம்மாவுக்குக் கணவனின் முகம் ஒருகணம் வந்து போனது. உள்ளே சிட்டு மறுபடி இருமினாள்.

"நான்தான் சார் துவைச்சேன். இன்னிக்கு எட்டு மணிக்கு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நாள் அழுக்குன்னா, துவைக்காத துணின்னு ஆலைக்காரங்க தட்டிக்கழிச்சிடுவாங்க. துவைச்ச மூணு மணி நேரத்துல இவ்வளவு கரின்னா என்ன சொல்வாங்க? எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"போடறேன் சார்."

புகைபோக்கிக்கு வடிகட்டி மாட்டும்வரை ஆலையை மூடினார்கள். வீட்டுக்காரர் முதல் வாரம் முழுக்க முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சிட்டுவின் விசில் நின்றதும் முறைப்பும் நின்றது.

வடிகட்டியோடு ஆலை மறுபடி திறந்து ஒரு வாரம் ஆயிற்று. கொடியில் அதே விரிப்பு. சிட்டுவின் அம்மா ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, விரிப்பைத் துவைச்சுப் போடட்டுமா?"

"முதல்ல அது அழுக்காகட்டும்டி!"